பெண்ணாடத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கட்டட வேலை, கப்பல் பட்டறை, வீட்டு வேலை என்று போனவர்களும், படித்து வேலை கிடைத்துப் போனவர்களும் உண்டு. பெரும்பாலோர் விமானம் ஏறுவது திருச்சியில். வழியனுப்பிவிட்டு வந்த வீட்டில் அடுத்து நடப்பது ஒரு கணக்கு: எத்தனை மணிக்கு இறங்குவான், எப்போது போன் வரும்? அந்தக் கணக்கு பல வீடுகளில் தப்பாகப் போகிறது. டிக்கெட்டைப் பார்த்துப் போடுவதுதான் காரணம்.

ஓர் உதாரணம். திருச்சியில் நள்ளிரவு தாண்டி 1 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 7.45-க்கு வருகை என்று டிக்கெட்டில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். திரும்பி வரும் டிக்கெட்டில் சிங்கப்பூரில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு 10.45-க்கே திருச்சி வந்துவிடுகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஒரே விமானம், ஒரே பாதை. இரண்டிலும் உண்மையான நேரம் ஏறத்தாழ நாலே கால் மணி. போகும்போது இரண்டரை மணி கூடியது, வரும்போது இரண்டரை மணி குறைந்தது. சிங்கப்பூர் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இறங்கும் நேரத்தை ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டுமானால் இரண்டரையைக் கழித்துவிடுங்கள். காலை 7.45 என்பது பெண்ணாடத்தில் விடிகாலை 5.15.

இந்த இரண்டரை மணி நேரத்தைச் சூரியன் தரவில்லை. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் எடுக்கிறது. திருச்சி இருப்பது 78.7 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், சிங்கப்பூர் 104 டிகிரியில். இடைவெளி 25.3 டிகிரி, அதாவது 101 நிமிடம். சூரியன் சிங்கப்பூரில் உச்சிக்கு வந்து ஒரு மணி நாற்பத்தோரு நிமிடம் கழித்து நமக்கு உச்சிக்கு வருகிறது. மீதமுள்ள 49 நிமிடம் அரசாங்கங்கள் சேர்த்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். சிங்கப்பூரில் காலை ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது என்று அங்கிருப்பவர்கள் சொல்வது இதனால்தான். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊரில், நியாயப்படி ஆறு மணிக்கு விடிய வேண்டும்.

நேரம் தெளிந்தது. தூரம்? இணையத்தில் தட்டினால் திருச்சி–சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர் என்று உடனே வந்துவிடும். யாரும் சங்கிலி போட்டு வங்காள விரிகுடாவை அளக்கவில்லை. அந்த எண் ஒரு கணக்கிலிருந்து வருகிறது. பிளஸ் டூ கணக்குப் படித்த எந்தப் பிள்ளையும் அதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் விருத்தாசலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடி இருந்தால் எடுங்கள், வயிறு நன்றாக உப்பியதாக. அதன்மேல் இரண்டு புள்ளி வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானே வழுக்கி, மிகக் குறுகிய வழியில் போய் நின்றுகொள்ளும். பூமிக்கு மேலும் அப்படித்தான். இரண்டு ஊர்களையும் பூமியின் மையத்தையும் சேர்த்து ஒரு கத்தியால் வெட்டியதாக நினைத்தால், வெட்டு விளிம்பு தரையில் விழும் வளைவே குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்று அதைச் சொல்கிறோம். மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊர்களுக்கும் நடுவே எத்தனை டிகிரி கோணம் என்று தெரிந்தால் போதும், தூரம் கைக்கு வந்துவிடும்.

திருச்சி விமான நிலையத்தின் அட்சரேகை 10.77, சிங்கப்பூர் சாங்கியுடையது 1.36. இரண்டின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.0044. இரண்டின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசமான 25.28 டிகிரியின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.8881. கூட்டினால் 0.8925. எந்தக் கோணத்தின் கொசைன் 0.8925? 26.8 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்குச் சராசரி 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 2,980. விமானிகளுக்கு இன்னும் சுலபம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 26.8-ஐ அறுபதால் பெருக்கினால் சுமார் 1,610 கடல் மைல்.

இந்தக் கணக்கில் நான் நின்று யோசிக்கும் இடம் அந்த 111. கோணங்களை நட்சத்திரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு டிகிரிக்குத் தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பதை யாராவது நடந்து அளந்தாக வேண்டும். உலகில் அப்படி அளந்த சில இடங்களில் ஒன்று நம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் மேட்டுக்கும் நடுவே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். இன்று சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னலில் தெரியும் அதே பரங்கிமலைதான். அளவுகோல் 100 அடி நீள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோய், அங்கே ஏற்றுக்கொள்ளப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும். ஒரு மயிரிழை நீண்டாலும் நானூறு தடவை போடும்போது பிழை சேர்ந்துவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டமாக நிறுத்தி, உள்ளே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் போட்டார்கள். சித்திரை வெயிலில் சென்னையின் தென்புறத்தில் நூறடி நூறடியாக நகர்ந்த அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. சங்கிலி பிடித்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள், காவலுக்கு நின்றவர்கள் நம் ஊர் ஆட்கள். லாம்டனின் பெயர் நிலைத்தது. அவர்கள் பெயர் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கோணங்களை மட்டும் பார்த்துத் தெற்கே வந்தார்கள். தெற்கு முனை, கடலூருக்குப் பக்கத்தில் தேவநாதசுவாமி கோயில் இருக்கும் திருவந்திபுரம். வடக்கு முனை சென்னையின் அட்சரேகையையும் தாண்டி மேலே. இரண்டு முனையிலும் ஒரே நட்சத்திரங்கள் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று இரவு இரவாகப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒரு டிகிரி 35 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. தரையில் முக்கோணங்கள் தந்த தூரம் சுமார் 175 கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 110.6 கிலோமீட்டர். செயற்கைக்கோள்கள் வந்த பிறகு இந்த அட்சரேகைக்கு நாம் சொல்லும் மதிப்பும் அதேதான்.

உலகச் சராசரி 111.2 என்றேன், இங்கே 110.6 என்கிறேன். இரண்டும் சரி. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் வடக்கு தெற்காக ஒரு டிகிரியின் நீளம் பூமத்திய ரேகைப் பக்கம் குறைவு, துருவப் பக்கம் 111.7 வரை அதிகம். பூமி சரியான உருண்டை இல்லை என்ற நியூட்டனின் கணிப்பைத் தரையில் சோதித்த அளவுகளின் வரிசையில் திருவந்திபுரத்து அளவும் சேர்ந்தது. லாம்டன் அதோடு நிற்கவில்லை. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களின் மேல் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தூக்கும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அந்தக் கருவி சுவரில் மோதி நசுங்கியது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் தானே தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலையைத் தொடங்கினார். ஒரு தொடுதிரையில் 2,980 என்று எண் விழுவதற்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

சரி, விமானம் அந்த 2,980 கிலோமீட்டரை அப்படியே பறக்கிறதா? கிட்டத்தட்ட. வானத்திலும் சாலைகள் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பெயர் வைத்த கற்பனைப் புள்ளிகளை இணைத்து அந்தச் சாலைகளைப் போட்டிருக்கிறார்கள். மலாக்கா நீரிணைக்கு மேலே வாம்பி, மெக்கார் என்ற புள்ளிகள் வழியாக என்571 என்னும் வழித்தடம் இந்தியப் பக்கம் வருகிறது. திருச்சியில் கிளம்பினால் காவிரிக் கழிமுகம், வங்காள விரிகுடா, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட கடல், பிறகு மலாக்கா நீரிணை. பெருவட்டப் பாதையிலிருந்து பெரிய விலகல் இல்லை. இறங்குமிடத்தில் வரிசை நீண்டால் வட்டமடிக்கவும், காற்றின் திசைக்கு ஏற்ப ஓடுதளத்தின் மறுமுனைக்குச் சுற்றி வரவும் கொஞ்சம் தூரம் கூடும்.

நேரக் கணக்கில்தான் கவனம் வேண்டும். இந்தப் பாதையில் ஓடும் நடுத்தர ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830, 840 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,980-ஐ அதால் வகுத்தால் மூன்றரை மணிக்கு மேல் நாலைந்து நிமிடம். டிக்கெட்டில் இருப்பது நாலே கால். அட்டவணை நேரம், நிறுத்தத்தில் சக்கரத்தின் முன்னால் வைத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, போன இடத்தில் கட்டையை வைக்கும்வரை நீளுகிறது. ஓடுதளம்வரை ஊர்ந்து போவது, மெதுவாக ஏறுவது, மெதுவாக இறங்குவது, சாங்கி போன்ற பெரிய நிலையத்தில் நிறுத்தம்வரை மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். எனவே தூரத்தை வேகத்தால் வகுத்து வருவதோடு அரை மணி நேரத்துக்கு மேல் சேர்த்தால்தான் அட்டவணைக்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம் காற்று. விமானம் 840 கிலோமீட்டர் வேகத்தில் போவது காற்றுக்குள். அந்தக் காற்றே 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் தரைக்கு மேலே வேகம் 780 ஆகிவிடும். பின்னால் தள்ளினால் 900. நம் 2,980 கிலோமீட்டருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே அரை மணி நேர வித்தியாசம் விழும். தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படி ஒரு காற்று உண்மையில் ஓடுகிறது. தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்க, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பேராறு பாய்கிறது. அதன் மையத்தில் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய பி. கோடீஸ்வரம் 1950-களில் இதை அடையாளம் கண்டு எழுதினார். பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவரானார். திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடாவதோடு இந்தக் காற்று பிணைந்திருக்கிறது. பயணிகள் விமானம் பறப்பது அதற்குச் சில கிலோமீட்டர் கீழேதான். ஆனாலும் அதன் இழுப்பு அங்கேயும் தெரியும். ஆகவே ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்காற்று, ஊருக்கு வருகிறவருக்குத் துணைக்காற்று.

வடக்கே இன்னும் பெரிய மேலைக்காற்று ஓடுகிறது. சென்னையிலிருந்து லண்டன் 8,230 கிலோமீட்டர். போவதைவிடத் திரும்பி வருவது விரைவு, காரணம் அதுவே.

தூரம் நீள நீள, சுவரில் மாட்டிய வரைபடம் நம்மை ஏமாற்றத் தொடங்கும். திருச்சி–சிங்கப்பூர் தூரத்தை வட்டக் கணக்கே இல்லாமல், அட்சரேகை வித்தியாசத்தையும் தீர்க்கரேகை வித்தியாசத்தையும் பிதாகரஸ் முறையில் வைத்துப் போட்டால் ஏறத்தாழ 3,000 வரும். இருபது கிலோமீட்டர்தான் பிழை. இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தட்டைக் கணக்கு அங்கே செல்லுபடியாகிறது. அதே முறையில் பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ போட்டால் 18,000 கிலோமீட்டர் வருகிறது. சரியான விடை 13,990. நாலாயிரம் கிலோமீட்டர் பிழை! வரைபடத்தில் பசிபிக்கைக் குறுக்கே கடக்க வேண்டியதுபோலத் தெரியும் வழி, உருண்டையில் பெங்களூரிலிருந்து கிட்டத்தட்ட வடக்கு நோக்கிக் கிளம்பி, 71 டிகிரி அட்சரேகை வரை ஏறி, சைபீரியாவின் பனிக்கரையைத் தொட்டுவிட்டு இறங்குகிறது.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த இரு ஊர்களுக்கும் நேரடி விமானம் தொடங்கியபோது, முதல் விமானத்தை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓட்டி வந்தவர்கள் நான்கு பெண் விமானிகள். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் அவர்கள் வட துருவத்துக்கு மேலாகவே வந்தார்கள். ஜனவரி 11 அதிகாலை பெங்களூரில் இறங்கியபோது ஏறத்தாழ 17 மணி நேரம் பறந்திருந்தார்கள். துருவத்தின் வழியாக வந்தால் தூரம் எவ்வளவு என்பது எளிய கணக்கு. இரண்டு ஊர்களும் துருவத்திலிருந்து எத்தனை டிகிரி என்று கூட்டினால் 129.2; கிலோமீட்டரில் 14,360. குறுகிய வழியைவிட 370 கிலோமீட்டர்தான் அதிகம். மேற்கு நோக்கிப் பசிபிக்கைக் கடந்தால் மேலைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வர வேண்டும். துருவத்துக்கு மேல் அந்தத் தொல்லை குறைவு. கிலோமீட்டர் கூடினாலும் மணி குறையலாம். அதற்கு வேறு விலை உண்டு. அந்தக் குளிரில் இறக்கைத் தொட்டியில் இருக்கும் எரிபொருள் உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அவசரத்துக்கு இறங்க எந்த ஊர் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

தாத்தா காலத்தில் இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். கடிதம் வந்தால்தான் ஆள் சேர்ந்த செய்தி. இன்று ஆள் இறங்கி வரிசையில் நிற்கும்போதே வாட்ஸ்ஆப்பில் படம் வந்துவிடுகிறது.

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். பெண்ணாடம் 11.4 டிகிரி அட்சரேகையில், 79.2 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. அதே சைன், கொசைன் கணக்கைப் போட்டால் கோணம் 26.5 டிகிரியும் கொஞ்சமும்; சிங்கப்பூர் 2,950 கிலோமீட்டர். திருச்சியைவிட நம் ஊர் சிங்கப்பூருக்கு 30 கிலோமீட்டர் பக்கம்! ஆனால் கிழக்கே போக வேண்டியவர் முதலில் தென்மேற்கே, அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்குப் போகிறார். நேர்கோட்டில் அது 90 கிலோமீட்டர்; சாலையும் ரயிலும் அதைவிட நீளம். திருச்சி வழி 90-உம் 2,980-உம் சேர்த்து 3,070. சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,920 கிலோமீட்டர்தான், திருச்சியைவிட 60 குறைவு. அந்த 60 கிலோமீட்டரை விமானம் நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். அதை மிச்சப்படுத்த, பெண்ணாடத்துக்காரர் தரையில் 90-க்குப் பதில் 200 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும், கூடுதலாக இரண்டு மணி நேரமாவது செலவழித்து. டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதவரை, திருச்சியிலேயே ஏறுங்கள்.